ஏற்றத்தைப் பழகுதல்: மலையூர்களில் நடக்கத் தொடங்கியவர்களின் அனுபவங்கள்

நாயுடுபுரம், கொடைக்கானல்

மலையில் குடியிருப்பவருக்குத் தனியாக உடற்பயிற்சி எதற்கு என்று வத்தலக்குண்டிலும் திண்டுக்கல்லிலும் இருக்கும் என் உறவினர்கள் கேட்பதுண்டு. இங்கே எல்லோரும் நாள் முழுவதும் ஏறி இறங்கிக்கொண்டிருப்பதாக அவர்களுடைய எண்ணம். விறகும் தண்ணீரும் தலைச்சுமையாக வீடு வந்து சேர்ந்த எங்கள் தாய்மார் காலத்துக்கு அது பொருந்தியது. இன்று கடைத்தெருவுக்குக்கூட மகன் இருசக்கர வண்டியில் கொண்டுபோய் விடுகிறான். தங்கும் விடுதி ஒன்றின் கணக்குப் பிரிவில் நாற்காலியிலேயே பல ஆண்டுகளைக் கழித்த எனக்கு, ஐம்பதைக் கடந்ததும், வீட்டுக்கு ஏறும் படிக்கட்டின் பாதியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கும் நிலை வந்தது. இரத்த அழுத்தமும் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியும் ஒரே பரிசோதனையில் எல்லை தாண்டியிருந்தன.

என்னைப் பார்த்த மருத்துவர் நடக்கச் சொல்வதற்கு முன் சில கேள்விகள் கேட்டார். ஏறும்போது நெஞ்சில் அழுத்தமோ, கைக்கும் தாடைக்கும் பரவும் வலியோ வருகிறதா, கண் இருட்டிக்கொண்டு வருகிறதா, படுத்திருக்கும்போதும் மூச்சுத் திணறுகிறதா என்று விசாரித்தார். இல்லை என்று நான் சொன்ன பிறகும் ஈசிஜி எடுத்துப் பார்த்துவிட்டே சம்மதித்தார். பல காலம் உட்கார்ந்தே இருந்துவிட்டவர்கள் இந்த ஒன்றை மட்டும் தவிர்த்துவிட்டு நேரே சாலையில் இறங்க வேண்டாம் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உழைப்பைக் கேட்கிறது. அந்த எண்ணைக் கேட்டு நான் மலைத்துப்போனதைக் கண்ட அவர், ஒரு தடவைக்குப் பத்து நிமிடமாவது தொடர வேண்டும் என்றிருந்த பழைய நிபந்தனை அதே வழிகாட்டுதலில் நீக்கப்பட்டுவிட்டதையும், ஐந்து நிமிட நடையும் கணக்கில் சேரும் என்பதையும் எடுத்துச் சொன்னார். மிதமான உழைப்புக்கு அவர் தந்த அளவு எளிதானது: நடந்துகொண்டே பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது.

சமவெளிக்காரர்களுக்காக எழுதப்பட்ட பயிற்சித் திட்டங்கள் எங்களுக்கு ஏன் ஒத்துவருவதில்லை என்பதை இந்த அளவை வைத்துத்தான் நான் புரிந்துகொண்டேன். கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்கைவிடச் சற்றுக் குறைவு. ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் பிராணவாயுவும் அந்த அளவுக்குக் குறைகிறது. இங்கேயே பிறந்த உடல் அதற்குப் பழகியிருக்கும் என்றாலும், பயிற்சியற்ற ஒருவர் சரிவில் ஏறும்போது அந்தக் குறை உடனே தெரிந்துவிடும். கைக்கடிகாரம் காட்டும் காலடிக் கணக்கு இதைச் சொல்லாது. பலர் வேதவாக்காகக் கொள்ளும் நாளுக்குப் பத்தாயிரம் காலடி என்ற எண்ணும் 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடிக்கணக்குக் கருவியின் பெயரிலிருந்து பரவியதே தவிர, மருத்துவர்கள் ஆராய்ந்து வகுத்ததன்று.

சமதரையாக இங்கே இருப்பது ஏரிச்சாலைதான். லெவிஞ்ச் துரை 1863-இல் அணை கட்டி உண்டாக்கிய ஏரியைச் சுற்றிச் சுமார் ஐந்து கிலோமீட்டர் நீளத்துக்கு அந்தச் சாலை ஓடுகிறது. அங்கே காலையில் நடக்க வருகிற, வனத்துறையில் காவலராக இருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர், புதிதாக வந்த என்னைப் பார்த்ததும், ஏரியைச் சுற்ற வேண்டாம் என்றார். வட்டச் சாலையில் பாதியைத் தாண்டிவிட்டால், கால் ஓய்ந்துபோனாலும் மீதியை நடந்துதான் தீர வேண்டும். அப்படி ஒருநாள் தவித்தவர் மறுநாள் வரமாட்டார் என்பது அவர் கண்டது. ஆகையால் ஏழெட்டு நிமிடம் நேராகப் போய், அங்கேயே திரும்பி, வந்த வழியே வரச் சொன்னார். திரும்பும் இடத்தை வாரத்துக்கு ஒருமுறை சற்றே தள்ளிவைத்துக்கொள்ளலாம் என்றார். நான் பெற்ற அறிவுரைகளில் இதைவிடப் பயனுள்ள ஒன்றை இதுவரை கேட்டதில்லை.

ஏரியிலிருந்து ஏழு ரோடு சந்திப்புக்குத் திரும்பி ஏற வேண்டுமே, அதுதான் சோதனை. முதலில் சமதரை, களைத்த பிறகு ஏற்றம் என்று எங்கள் ஊரின் அமைப்பே தொடங்குகிறவருக்கு எதிராக இருக்கிறது. அந்த ஏற்றத்தில் ஒருநாள், சந்தைக்கு மூட்டை சுமந்து சென்ற ஓர் அம்மாள் எனக்குப் பின்னால் வந்தார். நான் வேகமாக ஏறி, நின்று, மூச்சு வாங்கி, மறுபடி ஏறிக்கொண்டிருந்தேன். அவர் ஓரிடத்திலும் நிற்காமல் எனக்கு முன்னால் மேலே போய்ச் சேர்ந்துவிட்டார். அவருடைய நடையைப் பிறகு பல நாள் கவனித்தேன். சமதரையில் வைக்கும் அடியில் பாதி அளவே வைக்கிறார். பாதத்தை முழுமையாக ஊன்றுகிறார். குதிகாலைத் தூக்கிக்கொண்டு விரல்களால் ஏறுவதில்லை. மூச்சு எந்தக் கதியில் இருக்கிறதோ அதற்கேற்ப அடியின் நீளத்தைக் குறைத்துக்கொள்கிறார், நடையை நிறுத்துவதில்லை. அவ்வாறே ஏறத் தொடங்கிய பிறகு, அதே சாலையில் பேசிக்கொண்டே ஏற எனக்கு முடிந்தது.

இறக்கம் எளிது என்று எண்ணுவதும் சரியன்று. இறங்கும்போது தொடையின் முன்தசை நீண்டுகொண்டே உடலின் எடையைத் தாங்குகிறது. பழக்கமில்லாத தசையில் அதனால் நுண்ணிய காயங்கள் உண்டாகி, அன்று தெரியாத வலி மறுநாளோ அதற்கடுத்த நாளோ உச்சத்துக்கு வரும். இரண்டு மூன்று நாட்களில் தானாகத் தணிந்துவிடும் இந்த வலியை மூட்டுத் தேய்மானம் என்று பயந்து நடையைக் கைவிட்டவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. சில நாள் இடைவெளியில் அதே இறக்கத்தை மறுபடி இறங்கினால் வலி குறைவாகவே வரும்.

விடிவதற்கு முன் கிளம்புவதை மட்டும் நான் ஒப்புக்கொள்வதில்லை. காட்டுமாடுகள் இரவில் தெருக்களிலேயே மேய்கின்றன. வெளிச்சம் நன்றாக வந்த பிறகு, தூரத்திலேயே பார்த்து ஒதுங்கி நிற்க முடிகிற நேரத்தில்தான் போக வேண்டும். மார்கழிக் குளிரில் இரத்தக் குழாய்கள் சுருங்குவதால் அழுத்தமும் ஏறும். வீட்டுக்குள்ளேயே சில நிமிடம் கை கால்களை அசைத்து உடலைச் சூடாக்கிக்கொண்டு, மூக்கையும் வாயையும் மப்ளரால் மூடிக்கொண்டு வெளியே வருவது மூச்சுக்கும் நெஞ்சுக்கும் நல்லது.

இப்போது ஏரியை முழுவதும் சுற்றி வருகிறேன். மாத்திரைகள் தொடர்கின்றன, ஆனால் அளவைக் கூட்ட வேண்டிய தேவை வரவில்லை.

அப்பர் குன்னூர்

கொடைக்கானல் அம்மா எழுதியதில் சர்க்கரை நோயாளிகளுக்கென்று சேர்க்க வேண்டியது ஒன்று இருப்பதால் எழுதுகிறேன். 1874-இல் உருவான எங்கள் சிம்ஸ் பூங்கா ஒரு பள்ளத்தாக்கின் சரிவில் அமைந்திருக்கிறது. உள்ளே போகப் போக இறக்கம், வெளியே வர ஏற்றம். அந்த ஏற்றத்தில், காலையில் ஒன்றாக நடக்கும் எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த அன்பர் ஒருவர் திடீரென்று உட்கார்ந்துவிட்டார். அந்தக் குளிரிலும் அவருக்குச் சட்டை நனையும் அளவுக்கு வியர்த்திருந்தது, கை நடுங்கியது, கேட்டதற்குப் பொருந்தாத பதில் வந்தது. மாரடைப்பு என்று எல்லோரும் பதறியபோது, செவிலியராக இருந்து ஓய்வுபெற்ற அக்கா ஒருவர், அவர் விழுங்கும் நிலையில் இருக்கிறாரா என்று பார்த்துவிட்டு, மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கச் செய்தார். கால் மணி நேரத்தில் அவர் தெளிந்துவிட்டார். இன்சுலின் சுரப்பைக் கூட்டும் கிளிமிபிரைடு மாத்திரையை வழக்கமான நேரத்தில் போட்டுக்கொண்டு, பயிற்சிக்கு முன் சாப்பிடக் கூடாது என்று யாரோ சொன்னதைக் கேட்டு வெறும் வயிற்றோடு வந்திருக்கிறார்.

தசை வேலை செய்யும்போது இன்சுலினின் துணை இல்லாமலேயே இரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். நடை நமக்கு மருந்தாவதும் அதனால்தான், இன்சுலின் ஊசியோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகளோ எடுப்பவருக்குச் சர்க்கரை அளவுக்கு மீறித் தாழ்ந்துவிடுவதும் அதனால்தான். மெட்ஃபார்மின் மாத்திரை மட்டும் எடுப்பவர்களுக்கு இந்த அபாயம் மிகக் குறைவு. ஆகவே தொடங்கும் முன் உங்கள் மாத்திரையின் பெயரைச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள். சட்டைப்பையில் எப்போதும் சர்க்கரையோ குளுக்கோஸோ இருக்கட்டும். எங்கள் குழுவில் ஒவ்வொருவரும் இப்போது அப்படித்தான் வருகிறோம், அந்த அன்பரும் வருகிறார்.

சாப்பாட்டுக்குப் பிந்தைய நடையை நான் தனியாகப் பரிந்துரைக்கிறேன். இரவுச் சோற்றுக்குப் பிறகு பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால், அந்த வேளையில் ஏறும் சர்க்கரையின் உச்சம் குறைகிறது. எங்கள் பகுதியில் இரவில் கரடி நடமாட்டம் உண்டு என்பதால் நான் வீட்டுக் கூடத்திலேயே முன்னும் பின்னுமாக நடக்கிறேன். மனைவியும் சேர்ந்துகொள்வதால் அன்றாடப் பேச்செல்லாம் அப்போதே முடிந்துவிடுகிறது.

கோத்தகிரி

பள்ளி ஆசிரியை நான். முழங்கால் வலியோடு தொடங்குகிறவர்களுக்காக என் பங்கு. கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் வடகிழக்குப் பருவமழை வலுக்கும் ஐப்பசியிலும் கார்த்திகையிலும் நாட்கணக்கில் வெளியே போக முடியாது. புரட்டாசியில் பிடித்த பழக்கம் பெரும்பாலும் அந்த மழையில்தான் கரைந்துபோகிறது. என்னைப் பரிசோதித்த இயன்முறை மருத்துவர், மழை நாட்களை நடை தடைப்பட்ட நாட்களாக எண்ணாமல், வாரத்தில் இரண்டு நாளாவது செய்ய வேண்டிய தசை வலுப் பயிற்சிக்கு உரியவையாக எடுத்துக்கொள்ளச் சொன்னார். எனக்குக் கற்றுக்கொடுத்தவை மிகச் சாதாரணமானவை. உறுதியான நாற்காலியில் கையை ஊன்றாமல் எழுந்து, மெல்ல உட்கார வேண்டும். அந்த மெதுவான உட்காருதலே இறக்கத்துக்கு வேண்டிய வலுவைத் தொடைக்குத் தருகிறது. சுவரில் உள்ளங்கைகளை ஊன்றி உடலைத் தள்ள வேண்டும். வாசற்படியின் ஒரே ஒரு படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறி இறங்க வேண்டும்.

நாற்காலி தாழ்வாக இருந்ததால் முதலில் எனக்கு எழவே வரவில்லை. அவர் அதன்மேல் கெட்டியான தலையணை ஒன்றைப் போட்டு உயரத்தைக் கூட்டிக்கொடுத்தார். கால் வலுப்பெற்ற பின் தலையணையை எடுத்துவிட்டேன். மூட்டு வீங்கினாலோ, பயிற்சியால் வந்த வலி மறுநாளும் அப்படியே நின்றாலோ எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும் என்பதும் அவர் சொன்னதே. தேயிலைத் தோட்டத்தின் நடுவே இருக்கும் எங்கள் வீட்டுக்கு வரும் ஒற்றையடிப் பாதையில் இப்போது கைத்தடி இல்லாமல் இறங்குகிறேன்.

மழை, காய்ச்சல், ஊர்ப்பயணம் என்று இரண்டு வாரம் இடைவெளி விழுந்துவிட்டால், விட்ட இடத்திலிருந்து தொடர முயலாதீர்கள். முன்பு நடந்த நேரத்தில் பாதியிலிருந்து தொடங்கி, பேச்சுக்கு இடம் தருகிற வேகத்திலேயே, ஓரிரு வாரத்தில் பழைய அளவுக்கு வந்துவிடலாம். ஒவ்வோர் ஆண்டும் மார்கழியில் நான் அவ்வாறுதான் செய்துவருகிறேன்.