ப்ராஸ்டேட் வீக்கத்துக்கு நீராவி சிகிச்சை: எடுத்துக்கொண்டவன் சொல்கிறேன்

கோவைக்காரன்:
சிறுநீர் சுலபமாகப் போவதற்கான டாம்சுலோசின் மாத்திரையை வருடக்கணக்காகச் சாப்பிட்டும் ராத்திரி எழுந்து எழுந்து போவது நிற்கவில்லை, சட்டென்று எழுந்தால் தலை வேறு சுற்றும். ஸ்கேனில் ப்ராஸ்டேட் 50 கிராம் பக்கம், போய்விட்டு வந்த பிறகும் சிறுநீர்ப்பையில் நிறைய தங்குகிறது என்றார்கள். ப்ராஸ்டேட் சதையை உள்ளிருந்தே சுரண்டி எடுக்கும் டியூஆர்பி ஆபரேஷன் செய்தால் நல்ல பலன் உண்டு, ஆனால் அதற்கப்புறம் பெரும்பாலானவர்களுக்கு விந்து வெளியே வராமல் சிறுநீர்ப்பைக்குள் போய்விடும் என்று டாக்டர் ஒளிக்காமல் சொன்னதால்தான் ரெஸூம் என்கிற இந்த நீராவி முறைப் பக்கம் போனேன். சிறுநீர்ப் பாதை வழியாகவே கருவியை விட்டு, சின்ன ஊசியால் உள்ளே நீராவி செலுத்துகிறார்கள், ஒரு குத்துக்கு 9 விநாடி. வெந்த திசுவை உடம்பே மெல்லக் கரைத்துக்கொள்ளும்.

அது சீக்கிரம் முடிந்தது. கஷ்டமெல்லாம் வீட்டுக்கு வந்த பிறகுதான். யூரின் ட்யூப் இழுபடாமல் தொடையில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு, பேகைக் கட்டிலோரம் தொங்கவிட்டுப் படுத்தால் புரளவும் முடியாது. ட்யூபை எடுத்த பிறகும் எரிச்சல், அவசரம், நடுநடுவே லேசாக ரத்தம். "இவ்வளவு செலவழித்து முன்னைவிட மோசமா?" என்று வீட்டில் முணுமுணுப்பு வேறு. உள்வீக்கம் வடிய வாரக்கணக்காகும் என்பதை முன்கூட்டியே அழுத்திச் சொல்ல வேண்டாமா இவர்கள்? இரண்டாம் மாதம் வாக்கில்தான் சிறுநீர் போகும் வேகம் கூடியது. மாத்திரையை நிறுத்தியாயிற்று, அடுத்தது கண்புரை ஆபரேஷன்!

வாத்தியார்:
சார், நான் யூரோலிஃப்ட் கேட்டுப் போனவன். அடைக்கிற சதையை ஜன்னல் திரையை ஒதுக்கிக் கட்டுகிற மாதிரி இருபுறமும் இழுத்து நிறுத்துவது, அமெரிக்காவில் 2013லேயே அனுமதி வாங்கிய முறை. எனக்கு 100 கிராமைத் தாண்டிவிட்டதால் சரிவராது, அடைக்கிற சதையை லேசரால் குடைந்தெடுக்கும் ஹோலெப்தான் என்றார்கள். மயக்க மருந்து கொடுத்துச் செய்யும் முழு ஆபரேஷன் அது. விந்து விஷயம் போனது போனதுதான், இந்த வயசில் எனக்கு அது கவலையில்லை. இப்போது பஸ் ஏறுமுன் கழிப்பறை தேடுவதில்லை. அளவு தெரியாமல் எந்த முறை நல்லது என்று கேட்பதே வீண்.

நாகர்கோவில் பொண்ணு:
அப்பாவுக்கு இதய ஸ்டென்ட் வைத்து ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை ஓடுகிறது, நிறுத்த முடியாது. அதனால் மணிக்கட்டு ரத்தக்குழாய் வழியாகப் போய், ப்ராஸ்டேட்டுக்கு ரத்தம் போகும் குழாயை நுண்மணிகளால் அடைத்தார்கள். செய்தது ரேடியாலஜி டாக்டர். பலன் நிதானமாகத்தான் தெரிந்தது.

கோவை அண்ணா, டாம்சுலோசின் சாப்பிட்டதைக் கண் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். நிறுத்திவிட்டிருந்தாலும் சொல்லணும், ஆபரேஷன் நடுவே கண் பாப்பா சரியாக விரியாமல் தொல்லை கொடுக்கலாமாம்.