ஒளிப்படத்துக்குப் பதில் தியோடலைட்: வளவுத் தூண்களின் சாய்வை அளக்க இயலுமா?

வளவுவாசி:
கானாடுகாத்தானில் ஒரு பழைய வீட்டின் வளவை (நடு முற்றத்தை) சுற்றி நிற்கும் கருங்கல் தூண்கள் எவ்வளவு சாய்ந்துள்ளன என்பதை 2 மில்லிமீட்டருக்குள் அறிய வேண்டியுள்ளது. பல இடங்களிலிருந்து எடுத்த ஒளிப்படங்களை மென்பொருளில் இணைத்து, கணக்கிட்டு அளக்க முயன்றேன். மெருகேறிய தூண்களில் வானம் பிரதிபலிக்கிறது. முட்டை வெண்கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்புச் சுவரிலோ மென்பொருள் பற்றிக்கொள்ள ஒரு புள்ளிகூட இல்லை. என்னிடம் ஒரு தியோடலைட் (கிடைக்கோணத்தையும் ஏற்றக்கோணத்தையும் அளக்கும் தொலைநோக்கிக் கருவி) உள்ளது; அது 20 விநாடி வரை நுணுக்கமாகப் படிக்கும் (இங்கே விநாடி என்பது பாகையின் 3600-இல் ஒரு பங்கு). அதன் கோணங்களைப் படங்களுக்குப் பதிலாகக் கணக்கில் சேர்க்கலாமா?

அளவைக்காரர், காரைக்குடி:
சேர்க்கலாம், ஐயா. ஒளிப்படம் என்பதே ஒரு மையத்தில் கூடும் கதிர்களின் கற்றைதான். தியோடலைட் அக்கதிர்களை ஒவ்வொன்றாக, லென்ஸ் கோணல் இல்லாமல் அளக்கிறது. குவியத் தொலைவாக 100 மி.மீ. என ஏதேனும் ஒன்றை வைத்துக்கொண்டு, நடு அச்சிலிருந்து எண்ணிய கிடைக்கோணத்தின் டேன்ஜென்டை அதனால் பெருக்கினால் கற்பனைப் படத்தின் கிடை ஆயம் கிடைக்கும். ஏற்றக்கோணத்தின் டேன்ஜென்டை அதனால் பெருக்கிக் கிடைக்கோணத்தின் கொசைனால் வகுத்தால் நிலை ஆயம். அச்சிலிருந்து பக்கவாட்டில் 45 பாகை விலகினால் அதே கோணப் பிழை கிடை ஆயத்தில் இரு மடங்காகும் என்பதால், அகன்ற காட்சியை ஒரே மையமுடைய இரண்டு மூன்று படங்களாகப் பிரித்துவிடுங்கள். கருவியைக் குமிழ் பார்த்து மட்டப்படுத்தியிருப்பீர்கள் என்பதால் படத்தின் சாய்வுகளைப் பூச்சியம் என்றே நிறுத்தலாம். தூண் சாய்ந்துள்ளது என்று சொல்லவே தூக்குநூலின் திசை வேண்டும். கேமராவுக்கு அது தெரியாது.

பொறியாளர், தேவகோட்டை:
8 மீட்டர் தொலைவில் 20 விநாடி என்பது ஏறத்தாழ 0.8 மி.மீ.; ஆகவே உங்கள் கருவி போதும், ஆனால் இடமுகம், வலமுகம் (தொலைநோக்கியைக் கவிழ்த்துத் திருப்பி மீண்டும் பார்ப்பது) இரண்டிலும் படித்துச் சராசரி எடுக்க வேண்டும். கோணங்கள் வடிவத்தை மட்டுமே தரும், அளவைத் தராது. எனவே இரு புள்ளிகளுக்கிடையே ஒரு நீளத்தையாவது எஃகு நாடாவால் அளந்து சேருங்கள். கதிர்கள் செங்கோணத்துக்கு நெருக்கமாகச் சந்திக்கும்படி வளவின் மூலைகளில் முக்காலியை வையுங்கள். இரண்டு இடங்கள் போதுமென்பார்கள். நான் மூன்று வைப்பேன், தவறாகப் பார்த்த ஒன்று அப்போதுதான் தன்னைத் தெளிவாகக் காட்டிக்கொடுக்கும்.

வளவுவாசி:
தூணில் குறி ஒட்ட வீட்டுக்காரர்கள் சம்மதிக்கவில்லை. உருண்டைத் தூணில் எல்லா இடங்களிலிருந்தும் ஒரே புள்ளியைப் பார்ப்பது எப்படி?

அளவைக்காரர், காரைக்குடி:
புள்ளியே வேண்டாம். அடி வளையத்தை ஒட்டித் தூணின் இடது ஓரத்தையும் வலது ஓரத்தையும் பார்த்து, இரு கிடைக்கோணங்களின் சராசரியை எடுத்தால் அந்தத் திசை தூணின் நடு அச்சு வழியே செல்லும். மேல் வளையத்திலும் அவ்வாறே செய்யுங்கள். இரண்டு மையங்களுக்கும் உள்ள கிடை விலகலே சாய்வு. போதிகையின் (தூணின் உச்சியில் உத்தரத்தைத் தாங்கும் பகுதியின்) செதுக்கல்கள் வேண்டுமானால் மட்டும் கேமராவை எடுங்கள். அந்தப் படங்களும் இதே கணக்கில் சேரும்.