சென்னை வெயிலுக்கு ஸ்ப்ரேஹூட்: துணியா, ஃபைபர் கூரையா?

கச்சான்:
34 அடி பாய்மரப் படகு, சென்னைத் துறைமுகத்துக்குள் நிற்கிறது. கேபின் வாசலுக்கு மேல் அலைநீரும் வெயிலும் படாமல் மறைக்கும் ஸ்ப்ரேஹூட்டின் துணி இற்றுவிட்டது. முன் ஜன்னல் பிளாஸ்டிக் மஞ்சளடித்து வெளியே எதுவும் தெரியவில்லை. ஸ்டெயின்லெஸ் பைப் சட்டம் மட்டும் உறுதியாக இருக்கிறது. மறுபடி துணியே தைப்பதா, ஃபைபர் (கண்ணாடியிழை) கூரை போட்டுவிடலாமா? வெயில், ஐப்பசி கார்த்திகைப் புயல் இரண்டையும் கணக்கில் வைத்துச் சொல்லுங்கள்.

கொண்டல்:
சார், முதலில் அட்டையில் ஒரு கூரை வெட்டிச் சட்டத்தின் மேல் கட்டிப் பாருங்கள். மெயின் பாயை ரீஃப் செய்து (மடித்துச் சுருக்கி), அதை இழுக்கும் கயிறான மெயின்ஷீட்டை இறுக்கினால், பாயின் அடிக்கட்டையான பூம் எவ்வளவு தாழ்கிறதோ, அங்கிருந்து கூரைக்கு 10 செ.மீ.யாவது இடைவெளி வேண்டும். பூம் உரசினால் துணி வளைந்து கொடுக்கும், ஃபைபர் கொடுக்காது. விஞ்சில் (பாய்க் கயிற்றைச் சுற்றி இழுக்கும் உருளையில்) 10 அங்குலக் கைப்பிடியை மாட்டி முழுச் சுற்று சுற்றுங்கள். விரல் முட்டி இடிக்கக் கூடாது. பிறகு சுக்கான் பிடித்து உட்கார்ந்தும் நின்றும் முன்னால் பாருங்கள். கண் மட்டத்தில் கூரை விளிம்பு வந்தால் வலை மிதவையும் சின்னக் கட்டுமரமும் அதற்குள் மறைந்துவிடும். அப்படியென்றால் ஃபைபர் வேண்டவே வேண்டாம்.

இதெல்லாம் ஒத்துவந்தால் ஃபைபர் நல்லது. டெக்குக்கு (மேல்தளத்துக்கு) ஏறும்போது பிடிக்கக் கெட்டியான பிடி, சோலார் பலகைக்கு இடம், நல்ல நிழல். வெயிலில் துணிக்கு முன்னால் இற்றுப்போவது தையல் நூல்தான். அந்தத் தொல்லையும் கூரையில் இருக்காது.

வாடை:
என் கருத்து: கூரை மட்டும் ஃபைபர், முன்னும் பக்கமும் கழற்றக்கூடிய துணி. முன்பக்கத்தையும் கண்ணாடி போல் அடைத்துவிட்டால் கடற்காற்று உள்ளே இறங்காது, சித்திரையில் கேபின் அடுப்பாகிவிடும். புயல் அறிவிப்பு வந்ததும் துணியைக் கழற்றி உள்ளே வைத்துவிடலாம், கூரை அங்கேயேதான் நிற்கும். காற்றின் வேகம் இரு மடங்கானால் விசை நான்கு மடங்கு. 2016 டிசம்பரில் வர்தா வந்ததுபோல் நேராக வந்தால், கூரையின் கீழ் காற்று புகுந்து மேல்நோக்கித் தூக்கும். அதனால் சட்டத்தின் கால்களை ஸ்க்ரூவில் விடாதீர்கள். ஊடுருவும் போல்ட், டெக்கின் அடியில் அகலமான தகடு, எல்லாம் உப்புநீர்த் துருவை நன்றாகத் தாங்கும் 316 ரக ஸ்டெயின்லெஸ்.

உங்கள் டெக்கின் நடுவில் பால்சா என்னும் லேசான கட்டையோ ஃபோமோ இருந்தால் துளையைப் பெரிதாகப் போட்டு, உள்ளே சுரண்டி, எபாக்ஸி பசை நிரப்பி, இறுகிய பிறகு சரியான அளவில் மறுபடி துளையிடுங்கள். இதை விட்டால் தண்ணீர் கசிந்து பால்சா ஊறி அழுகும். கூரையிலும் போல்ட் வரும் இடத்தில் ஃபோமுக்குப் பதில் திடமான ஃபைபர் வேண்டும். ஃபோம் நசுங்கினால் போல்ட் தளரும். ஃபைபரின் மேற்பூச்சான ஜெல்கோட் வெள்ளையாகவே இருக்கட்டும், மற்ற நிறம் கொதிக்கும்.

கச்சான்:
நன்றி சார். முன் துணியின் ஜன்னல் திரும்ப மஞ்சளாகாமல் இருக்க? சோலார் எத்தனை பலகை?

கொண்டல்:
மஞ்சளாவதை முழுக்கத் தடுக்க முடியாது, தள்ளிப்போடலாம். நிற்கும்போது வெளியே வெள்ளைத் துணி உறை, கடலிலிருந்து வந்ததும் நல்ல தண்ணீர் கழுவல். உப்போடு துடைத்தால் கீறும், அசிட்டோன் பக்கமே போகாதீர்கள். சூடேறிய பைப் பிளாஸ்டிக்கில் படும் இடம் கருகும், அங்கே துணிப் பட்டை வைத்துத் தைக்கச் சொல்லுங்கள்.

சோலாருக்கு ஒரே பெரிய பலகை வேண்டாம். பூம் நிழல் குறுக்கே விழுந்தால் மொத்தமும் படுத்துவிடும். இடம் ஒன்று வலம் ஒன்று, பேட்டரிக்குப் போகும் மின்சாரத்தைச் சீராக்கத் தனித்தனி கன்ட்ரோலர். அடியில் 2, 3 செ.மீ. காற்று போக இடைவெளி விடுங்கள், சூடேறினால் மின்சாரம் குறையும்.