காராமணிக் கொடி பந்தல் முழுக்க ஏறிவிட்டது, பூ மட்டும் இல்லை

திருச்சி_கொல்லை:
வணக்கம். வீட்டுக் கொல்லையில் நீளக் காராமணி போட்டு 60 நாள் ஆகிறது. நாலாம் நாளே முளைத்தது, கம்பு நட்டுக் கயிறு கட்டிவிட்டேன், இப்போது ஆறடி தாண்டி இலையெல்லாம் கரும்பச்சையாக உள்ளங்கை அகலத்துக்கு நிற்கிறது. ஆனால் ஒரு பூ கூட இல்லை. அடியுரமாக மாட்டு எரு, அப்புறம் வாரம் ஒரு தடவை கடலைப் புண்ணாக்குக் கரைசல், நடுவில் இரண்டு தடவை யூரியாவும் போட்டேன். நாலு நாளாக நுனியில் கருப்பாகப் பூச்சி அப்பிக்கிடக்கிறது, எறும்பு வேறு. விதை சரியில்லையா?

மண்வாசம்:
விதையைக் குறை சொல்லாதீர்கள், நாலாம் நாள் முளைத்தது நல்ல விதைதான். இது பயறு வகை, வேர் முடிச்சில் இருக்கும் பாக்டீரியாவே காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துக் கொடுத்துவிடும். அதற்கு மேல் யூரியாவும் புண்ணாக்கும் போனால் கொடி இலை விட்டுக்கொண்டே இருக்கும், பூவை மறந்துவிடும். இரண்டையும் இன்றே நிறுத்துங்கள். விறகுச் சாம்பல் கிடைத்தால் தூருக்கு ஒரு கைப்பிடி போதும், நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளை வரும். எனக்கும் முதல் வருடம் இப்படித்தான் ஆனது, அடுத்த தடவை எரு மட்டும் போட்டேன், 45 நாளில் பூத்தது. வெயில் எவ்வளவு நேரம் விழுகிறது?

திருச்சி_கொல்லை:
காலை முதல் 2 மணி வரை நல்ல வெயில், அப்புறம் மாமர நிழல்.

மண்வாசம்:
அது போதும்.

யாழ்_வளவு:
நாங்கள் இதைப் பயித்தங்காய் என்போம். அந்தக் கருப்புப் பூச்சி அசுவினி, தங்கச்சி. அது கசியவிடும் இனிப்பு நீருக்காகத்தான் எறும்பு வருகிறது, வந்து அசுவினியைத் தின்னும் பொறிவண்டையும் அண்டவிடாது, அதனால் எறும்பை விட்டுவிட்டு அசுவினியை மட்டும் கவனித்தால் திரும்பத் திரும்ப வரும். முதலில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி உதிர்த்துவிடுங்கள், மிகவும் அப்பிய நுனிகளை வெட்டி எறியுங்கள். மிச்சத்துக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல். பின்னேரம் மட்டும் அடியுங்கள். பூ காலையில் விரிந்து மதியத்துக்குள் வாடிவிடும், அந்த நேரத்தில் தேனீ வரும்.

பந்தல்காரர்:
பூத்த பிறகு ஒன்றைக் கவனியுங்கள். ஒரே காம்பில் காய் இரண்டிரண்டாகத் தொங்கும், அதே காம்பு நுனியில் அடுத்த மொட்டும் இருக்கும். காயைப் பிடித்து இழுத்தால் காம்போடு வந்துவிடும், நான் கத்தரிக்கோலால்தான் நறுக்குகிறேன். உள்ளே பருப்பு புடைப்பதற்கு முன்னால், இரண்டு நாளுக்கு ஒரு தடவை பறித்துவிட வேண்டும். முற்றவிட்டால் கொடி காய்ப்பதைக் குறைத்துக்கொள்ளும். விதைக்கு என்று கடைசியில் நாலைந்து காயை மட்டும் கொடியிலேயே காயவிடுங்கள்.

திருச்சி_கொல்லை:
யூரியாவை நிறுத்திவிட்டேன் அண்ணா. இன்று காலை தண்ணீர் பீய்ச்சினேன், பாதிக்கு மேல் உதிர்ந்துவிட்டது. வேப்பெண்ணெய் சாயங்காலம் அடிக்கிறேன், மொட்டு விட்டதும் வந்து சொல்கிறேன்.