கிறிஸ்துமஸ் ராத்திரி பூசையில திடீர்னு எல்லாரும் முழங்கால் போட்டாங்களே, ஏன்?

மழைத்துளி88
வணக்கம். நான் பிறப்பால இந்து, கட்டிக்கிட்டது கத்தோலிக்க குடும்பத்துல. ஞாயித்துக்கிழமை அவர்கூட சும்மா போய் உக்காந்துட்டு வருவேன், எப்ப எந்திரிக்கணும் எப்ப உக்காரணும்னு ஓரளவு பழகிடுச்சு. போன கிறிஸ்துமஸ்க்குதான் முதல்தடவையா ராத்திரி பூசைக்கு போனேன். பிரசங்கம் முடிஞ்சு எல்லாரும் நின்னுக்கிட்டு விசுவாசப் பிரமாணம் (அவங்க என்ன நம்பறாங்கன்னு சொல்ற ஜெபம்) சொல்லிட்டிருக்காங்க, நடுவுல ஒரு வரி வந்ததும் மொத்த கோயிலும் தடதடன்னு முழங்கால் போட்டுடுச்சு, நான் மட்டும் கொடிமரம் மாதிரி நிக்கிறேன். சுதாரிச்சு குனியறதுக்குள்ள எல்லாரும் எந்திரிச்சாச்சு, மானமே போச்சு.

அவர்கிட்ட கேட்டா "அது அப்படித்தான்"ங்கறார். அத்தைகிட்ட கேட்டா "பாலன் பிறந்த நாளாச்சேம்மா, மரியாதை"ன்னாங்க. பிறந்தநாள்னா சந்தோஷமா நிக்கலாமே? அப்புறம் இன்னொன்னு, சாமி மனுஷனா பிறக்கறது எனக்கு புதுசில்ல, ராமர் கிருஷ்ணர் கதை கேட்டு வளர்ந்தவதான் நான். இதுவும் அதேதானா இல்ல வேற ஏதாவதா? சண்டைக்கு கேக்கல, நிஜமாவே தெரிஞ்சுக்கணும்.

ஞானோபதேச டீச்சர்
நல்ல கேள்விம்மா, எங்க பிள்ளைங்க ஒண்ணுகூட இதை கேட்டதில்ல.

நீங்க பாத்த வரி, அவர் கன்னி மரியாவிடம் உடலெடுத்து மனிதரானார்னு வர்ற இடம். மத்த ஞாயிறெல்லாம் அந்த வரிக்கு தலை வணங்கணும் (முக்கால்வாசி பேர் அதையும் மறந்துடறோம்). முழங்கால் போடறது வருஷத்துல ரெண்டே நாள்தான், டிசம்பர் 25, மார்ச் 25. மார்ச் 25 மங்கள வார்த்தை திருநாள், வானதூதர் மரியாகிட்ட வந்து சொல்லி அவங்க சரின்னு சொன்ன நாள். அங்கிருந்து 9 மாசம் எண்ணுங்க, புரிஞ்சிடும். ஒண்ணு கருவுல உண்டான நாள், இன்னொண்ணு வெளிய வந்த நாள். அதனால அந்த முழங்கால் பர்த்டேக்கு இல்ல, கடவுள் உடம்பெடுத்தார்ங்கற விஷயத்துக்கு.

இன்னொரு சமாச்சாரம். கிறிஸ்துமஸ்க்கு நாலு பூசை இருக்கு, முந்தின சாயந்தரம், ராத்திரி, விடியல், பகல், நாலுக்கும் வேற வேற வாசகம். ராத்திரி பூசையில லூக்கா நற்செய்தி, அதுல தீவனத்தொட்டி, இடையர்கள், வானதூதர் எல்லாம் வருவாங்க. ஆனா பகல் பூசைக்கு போனீங்கன்னா யோவான் நற்செய்தி முதல் அதிகாரம் வாசிப்பாங்க, அதுல குழந்தையே கிடையாது! தொட்டி இல்ல, இடையர் இல்ல. "வாக்கு மனிதர் ஆனார்; நம்மிடையே குடிகொண்டார்", அவ்ளோதான். வாக்குன்னு யோவான் சொல்றது இயேசுவைத்தான். அந்த குடிகொண்டார்ங்கற எடத்துல கிரேக்கத்துல கூடாரம் போட்டார்ங்கற மாதிரி அர்த்தம் வரும். பாலைவனத்துல இஸ்ரயேல் மக்கள் கூடாரத்தோட அலைஞ்சப்ப கடவுளும் அவங்க நடுவுல ஒரு கூடாரத்துல கூடவே போனார்ல, அந்த ஞாபகம். மாளிகை கட்டிக்கிட்டு வாங்கடான்னு கூப்பிடல, நம்ம தெருவுக்கே வந்து பக்கத்துல கூடாரம் அடிச்சுட்டார்.

எதிர்க்கேள்வி
அதெல்லாம் சரி, டிசம்பர் 25 ரோமாபுரி சூரியன் பண்டிகைதானே, பைபிள்ல தேதியே இல்லையே??

ஞானோபதேச டீச்சர்
தேதி பைபிள்ல இல்லதான், யாரும் இருக்குன்னு சொல்லலையே. ரோமையில டிசம்பர் 25-ங்கறதுக்கு ஆதாரம் 354-ம் வருஷத்து காலக்குறிப்புல இருக்கு. சூரியன் பண்டிகைய பாத்து வந்துச்சா, மார்ச் 25-லேர்ந்து எண்ணி வந்துச்சான்னு ஆராய்ச்சிக்காரங்க இன்னும் அடிச்சுக்கறாங்க. அன்னைக்குதான் பிறந்தார்னு நம்பியே ஆகணும்னு திருச்சபையில விசுவாசக் கோட்பாடு ஒண்ணும் கிடையாது. அந்தப்பொண்ணு கேட்டது வேற, விடுங்க.

ஓரத்து பெஞ்ச்
அவதாரம் கேள்விக்கு நான் வர்றேன். நான் சாமியார் இல்ல, படிச்ச வரைக்கும் சொல்றேன், தப்பிருந்தா டீச்சர் திருத்தட்டும்.

பழைய தமிழ் கிறிஸ்தவ புத்தகங்கள்லயே மனித அவதாரம்னு எழுதியிருப்பாங்க, அதனால வார்த்தை பொதுதான். வித்தியாசம் எங்கன்னா, ஒண்ணு, இது ஒரே தடவை. யுகத்துக்கு யுகம் கிடையாது. ரெண்டாவது, வேலை முடிஞ்சதும் உடம்ப கழட்டி வெக்கறதும் கிடையாது, உயிர்த்தெழுந்து அதே உடம்போடதான் விண்ணகம் போனார், இப்பவும் மனுஷனாவே இருக்கார்னு சொல்றோம். எனக்கே முதல்ல கேட்டப்ப தூக்கிவாரிப்போட்டுச்சு.

மூணாவது, வேஷம் இல்ல. ஆதி காலத்துலயே ஒரு கோஷ்டி கிளம்பி, கடவுள் மனுஷன் மாதிரி தெரிஞ்சார், நிஜமா உடம்பு இல்ல, வலிச்ச மாதிரி காட்டிக்கிட்டார்னு சொன்னாங்க. திருச்சபை அதை ஒத்துக்கவே இல்ல. 431-ல ஆயர்கள் எல்லாம் கூடின எபேசு சங்கத்துல, மரியாவை கடவுளின் தாய்னு சொல்லலாம்னு முடிவாச்சு, ஏன்னா அவங்க மடியில கிடந்தது பாதி கடவுள் இல்ல. 451-ல கால்செதோன் சங்கம், முழு கடவுள் முழு மனிதன், ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு கலக்கவும் இல்ல பிரியவும் இல்லன்னு தீர்த்து சொல்லுச்சு. இதை வெச்சு கிறிஸ்துமஸ் குடில பாருங்க. கழுத்து நிக்காத குழந்தை. தூக்கணும்னா தலைக்கு அடியில கை குடுக்கணும். யாராவது பால் குடுக்கலன்னா செத்துப்போயிடும். அதைத்தான் கடவுள்னு கும்பிடறோம்.

மழைத்துளி88
ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. ஆனா ஒண்ணு சொல்லட்டுமா, கண்ணனும் யசோதைகிட்ட அடி வாங்கி உரல்ல கட்டுப்பட்டு கிடந்தான்ல. அதுவும் கடவுள் சின்னதா ஆகறதுதானே.

ஓரத்து பெஞ்ச்
ஆமா, கரெக்டான எடத்துல புடிச்சீங்க, ரொம்ப பக்கத்துல வர்றது அதுதான், அதை நான் மறுக்கப் போறதில்ல. ஆனா கண்ணன் வாயைத் திறந்தா உலகம் தெரியும், உள்ள இருக்கறது எட்டிப் பாத்துட்டே இருக்கும். இங்க தொட்டியில கிடக்கற குழந்தை வாயத் திறந்தா அழுகை மட்டும்தான். இடையருக்கு வானதூதர் குடுத்த அடையாளமே, துணியில சுத்தி தொட்டியில கிடக்கும்ங்கறது, அதுல அதிசயம்னு என்ன இருக்கு.

பீடத்துப் பையன் (ரிட்டயர்டு)
எல்லாரும் பெரிய பெரிய விஷயம் பேசறீங்க, நான் சின்ன வயசுல பூசை உதவி செஞ்சவன், நான் பாத்தது ஒண்ணு சொல்றேன். காணிக்கை நேரத்துல நாங்க ரெண்டு குப்பி கொண்டுபோவோம், ஒண்ணுல திராட்சை ரசம், ஒண்ணுல தண்ணி. ஃபாதர் ரசத்தை கிண்ணத்துல ஊத்திட்டு தண்ணியில ஒரு சொட்டு, ஒரே ஒரு சொட்டு விடுவார், விடும்போது வாய்க்குள்ள என்னமோ முணுமுணுப்பார். சபைக்கு கேக்காது, குப்பி புடிச்சிட்டு நிக்கற எனக்கு மட்டும் கேக்கும். நம்ம மனித நிலையில பங்கெடுத்த கிறிஸ்துவோட கடவுள் நிலையில நாங்களும் பங்கெடுக்கணும்ங்கற மாதிரி ஒரு ஜெபம். ரொம்ப வருஷம் கழிச்சுதான் தெரிஞ்சுது அது பழங்கால கிறிஸ்துமஸ் மன்றாட்டுலேர்ந்து எடுத்ததுன்னு!! இப்பவும் கிறிஸ்துமஸ் பகல் பூசையோட ஆரம்ப மன்றாட்டுல அதே கருத்து வரும் கவனிங்க.

அந்த சொட்டு நாமதான். ரசத்துக்குள்ள போனப்புறம் திரும்ப பிரிச்சு எடுக்க முடியாது. அவர் இறங்கி வந்தது வந்துட்டு போறதுக்கு இல்ல, நம்மள மேல தூக்கிக்கறதுக்கு. அதுக்குமேல எனக்கு சொல்லத் தெரியல. அவர் பிறந்த பெத்லகேம்னா எபிரேயத்துல அப்பத்தோட (ரொட்டியோட) வீடுன்னு அர்த்தம், கிடத்தினது மாடு தின்ற தொட்டியில, கடைசியில பூசையில குடுக்கற அப்பத்துல, நற்கருணையா அவரையே நாம உண்கிறோம். 1223-ல புனித அசிசி பிரான்சிஸ் இத்தாலியில கிரேச்சோங்கற ஊர்ல முதல் குடில் வெச்சப்ப கூட பொம்மை வெச்சதா குறிப்பு இல்ல, வைக்கோலும் மாடும் கழுதையும்தான், அந்த தொட்டிக்கு மேலயே பூசை வெச்சாங்க.

நைட்ஷிஃப்ட்
நான் குழந்தைங்க வார்டுல நர்ஸ். கிறிஸ்துமஸ்னா சந்தோஷமா இருக்கணும்னு சொல்றதே எனக்கு எரிச்சலா இருக்கும். ஒரு வருஷம் டிசம்பர் 24-ம் தேதி ராத்திரி ட்யூட்டி, ரெண்டு கிலோ கூட இல்லாத ஒரு பிள்ளை, விடியறதுக்குள்ள போயிடுச்சு. துணியில சுத்தி அம்மா கையில குடுத்தது நான்தான். அப்புறம் நேரா கோயிலுக்கு போனேன், அங்கயும் துணியில சுத்தின ஒரு சொரூபம், எனக்கு பாக்கவே முடியல, வெளிய வந்துட்டேன்.

மூணு நாள் கழிச்சு சும்மா ஒரு பூசைக்கு போனா ஃபாதர் சிவப்பு உடுப்புல நிக்கறார், ரத்தம் சிந்தி செத்தவங்க நாளுக்கு போடற நிறம். 28-ம் தேதி மாசில்லாக் குழந்தைகள் திருநாள், குழந்தை இயேசுவை ஒழிக்கப் பாத்த ஏரோது ராஜா கொன்ன பிள்ளைங்களுக்காக. 26-ம் தேதியும் சிவப்புதான், ஸ்தேவானை கல்லால அடிச்சு கொன்னதுக்கு. கிறிஸ்துமஸ் வாரத்துக்குள்ளயே இதை வெச்சிருக்காங்கன்னு அன்னைக்குதான் எனக்கு உறைச்சுது. பிள்ளைங்களை இழந்த ராகேல்ங்கற அம்மா ஆறுதல் பெற மனசில்லாம அழறான்னு வாசிச்சாங்க. ஆறுதல் பெற மனசில்லாம. யாரும் அவளை வாய மூடுன்னு சொல்லல. அன்னைக்கு வெளிய வரல நான், கடைசி வரைக்கும் உக்காந்திருந்தேன்.

மழைத்துளி88
அக்கா உங்க பதிவ ரெண்டு தடவை படிச்சேன், என்ன எழுதறதுன்னு தெரியல.

அத்தைகிட்ட எல்லாத்தையும் படிச்சு காட்டினேன், அந்த தண்ணி சொட்டு விஷயம் அவங்களுக்கே தெரியாதாம், அம்பது வருஷமா பூசை பாக்கறேன்னு சொல்லி சிரிக்கறாங்க. இந்த ஞாயிறு ரெண்டு பேரும் முதல் பெஞ்சுல உக்காரப் போறோம்.

பீடத்துப் பையன் (ரிட்டயர்டு)
நடுவுல உக்காந்தா ஃபாதர் முதுகோ பூஜாடியோ மறைச்சிடும். பீடத்துக்கு பக்கத்துல சின்ன மேசை ஒண்ணு இருக்கும், குப்பியெல்லாம் அதுலதான், அது எந்தப்பக்கம்னு பாத்து அந்தப்பக்கமா உக்காருங்க. காணிக்கை பாட்டு புக்க தேடிட்டு இருந்தீங்கன்னா போச்சு, ரெண்டு செகண்டுதான்.