போலோ 1.5 டிடிஐ: ட்யூனிங் பாக்ஸா, கஸ்டம் ரீமேப்பா?

வளைவு40:
வண்டி 2016 ஃபோக்ஸ்வேகன் போலோ 1.5 டிடிஐ டீசல், 90 பிஎஸ். 82,000 கிமீ ஓடிருச்சுங்க. வாரண்டி முடிஞ்சு பல வருஷம் ஆச்சு. மாசம் ரெண்டு தடவை ஆழியாறு வழியா வால்பாறை ஏறணும். ஆள் நாலு பேர், டிக்கி நிறைய சாமான். மொத்தம் 40 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொண்ணுலயும் செகண்ட் கியர்ல திரும்பி மிதிச்சா வண்டி செத்த மாதிரி நிக்குது, அப்புறம்தான் டர்போ (இன்ஜினுக்குள்ள காத்தை அழுத்தி அனுப்பற விசிறி) முழிச்சு இழுக்குது. கோவையில ஒருத்தர் 18,000-க்கு ட்யூனிங் பாக்ஸ் (பவரைக் கூட்ட வெளியிலேர்ந்து சொருகற பெட்டி) போட்டுத் தரேங்கறார். இன்னொருத்தர் 28,000-க்கு கஸ்டம் ரீமேப், அதாவது இன்ஜின் கம்ப்யூட்டர் மென்பொருளை நம்ம வண்டிக்கேத்த மாதிரி மாத்தித் தரேங்கறார். எதுக்குப் போலாம்?

டீசல்தாசன்:
பாக்ஸ் போடுங்க தல, யோசிக்கவே வேண்டாம். என் வண்டியில நாலு வருஷமா ஓடுது. ரெயில் பிரஷர் (இன்ஜெக்டருக்குப் போற டீசலோட அழுத்தம்) சென்சார் கனெக்டரைக் கழட்டி நடுவுல இதைச் சொருகணும், அவ்வளவுதான். சர்வீசுக்கு விடுற அன்னிக்குக் கழட்டி வீட்ல வச்சிடுவேன். வண்டியை வித்தாலும் பெட்டி நம்ம கையில. ரீமேப் அப்படி இல்ல, ஈசியூவுல, அதாவது இன்ஜின் கம்ப்யூட்டர்ல, இருக்கறதை அழிச்சு எழுதுற வேலை. பாதியில பேட்டரி படுத்துச்சுன்னா வண்டியை லாரியில ஏத்தித்தான் கொண்டு போகணும். இன்னொண்ணு, மைலேஜும் ஏறியிருக்கு. மீட்டர்ல 19 காட்டிட்டு இருந்தது, இப்ப 21.5.

மேப்பு_மாமா:
தாசன், அந்த 21.5 எங்கேருந்து வந்துச்சுன்னு சொல்லட்டுமா?

ரெயில்ல நிஜமா 1,200 பார் பிரஷர் இருக்குன்னு வைங்க. உங்க பெட்டி ஈசியூகிட்ட "1,100தான் இருக்கு"ன்னு பொய் சொல்லும். அது பதறி பிரஷரை ஏத்தும். இன்ஜெக்டர் திறந்திருக்கற நேரம் அதேதான், பிரஷர் கூட, அதனால டீசல் கூடக் கொட்டும். அதுதான் உங்களுக்குக் கிடைக்கற பவர். ஆனா எவ்வளவு டீசல் போச்சுன்னு ஈசியூ கணக்குப் போடறதே அந்தப் பொய்யான பிரஷரை வச்சுத்தான். குறைச்சலாப் போச்சுன்னு நம்பும். மீட்டர்ல மைலேஜ் ஏறும். டேங்க் ஃபுல் பண்ணி, திரும்ப ஃபுல் பண்ணி ஒரு தடவையாவது கணக்குப் பாத்தீங்களா?

ரீமேப்ல இந்தக் கண்ணாமூச்சி கிடையாது. டார்க் (இழுவிசை) லிமிட், பூஸ்ட் (டர்போ தர்ற காத்தழுத்தம்), ஸ்மோக் (புகை) லிமிட், ரெயில் பிரஷர் எல்லாத்தையும் ஒண்ணுக்கொண்ணு பொருந்தற மாதிரி மாத்தறோம். தான் என்ன செய்யறோம்னு ஈசியூவுக்கே தெரியும். இதே 1.5 இன்ஜின் போலோ ஜிடி டிடிஐங்கற கூடப் பவர் மாடல்ல 250 நியூட்டன் மீட்டர் டார்க் கொடுத்துச்சு, 90 பிஎஸ் வண்டியில 230. ஏத்தறதுக்கு இடம் இருக்கு, பயப்படாதீங்க.

டீசல்தாசன்:
ஜிடியோட கிளட்ச், டர்போ பார்ட் நம்பரை ஒப்பிட்டுப் பாத்துட்டா சொல்றீங்க மாமா? இல்ல, ப்ரோஷர்ல ரெண்டு நம்பரைப் பாத்துட்டா?

அப்புறம் 2015 டிசம்பர்ல நடந்தது ஞாபகம் இருக்கா? ஃபோக்ஸ்வேகனோட ஈஏ189 டீசல் இன்ஜின் புகை விவகாரத்துக்கு (புகை சோதனையை ஏமாத்தற மென்பொருள் வச்சு மாட்டினது) அப்புறம் இந்தியாவுல மட்டும் சுமார் 3.23 லட்சம் வண்டியைத் திரும்பக் கூப்பிட்டாங்க. அதுல மென்பொருள் அப்டேட்டும் உண்டு. ரீமேப் போட்டிருந்த என் நண்பன் வண்டியிலயும் ஏத்திட்டாங்க. அவங்க மேல தப்பு இல்ல, அவங்க வேலை அது. ஆனா இவன் கொடுத்த காசு ஒரே மதியத்துல அழிஞ்சுது.

"கஸ்டம்"னு சொல்றீங்களே, அதுவும் முக்காவாசி பேச்சுதான். ஈசியூ ஃபைலைப் படிச்சு வெளியூர்க்காரனுக்கு மெயில் போடுவாங்க. நாம டீ குடிச்சு முடிக்கறதுக்குள்ள ஸ்டேஜ் 1 (பார்ட் எதையும் மாத்தாம போடற முதல் கட்டம்) ஃபைல் வந்துடும். 20,000 கிமீ வண்டிக்கும் 2 லட்சம் கிமீ வண்டிக்கும் அதே ஃபைல். இதுக்குப் பேரு கஸ்டமா?

மேப்பு_மாமா:
அந்தக் கடைசிப் பாராவை ஒத்துக்கறேன். அப்படிச் செய்யற ஆளுங்க நிறைய இருக்காங்க. கஸ்டம்னா முதல்ல பழைய மேப்லயே (ஈசியூவுல இருக்கற செட்டிங்) ஓட்டி லாக், அதாவது ஓடும்போது சென்சார் காட்டற அளவுகளோட பதிவு, எடுக்கணும். கேட்ட பூஸ்ட் எவ்வளவு, வந்த பூஸ்ட் எவ்வளவு, ரெயில் பிரஷர் ஒத்துப் போகுதா, இன்ஜெக்டர் சமமா இருக்கான்னு பாக்கணும். அப்புறம் எழுதி, திரும்ப ஓட்டி, திரும்பத் திருத்தணும். ஒரு நாள் வேலை. ஒரிஜினல் ஃபைலை உங்க கையிலயும் கொடுத்துடணும். சர்வீஸ்ல அழிஞ்சா திரும்ப ஏத்திக்கலாம்.

ஸ்பானர்_13:
நடுவுல வரேன், ரெண்டு பேரும் அடிக்காதீங்க.

முதல்ல ஒரு எச்சரிக்கை. ஆன்லைன்ல 800 ரூபாய்க்கு ஓபிடி போர்ட்ல (கோளாறு பாக்கறதுக்காக வண்டியில இருக்கற சாக்கெட்) சொருகற "பவர் சிப்" விக்கறாங்க. ஒருத்தர் கொண்டு வந்தார், அவர் கண் முன்னாடியே ஸ்க்ரூ டிரைவர் விட்டுப் பிளந்தேன். உள்ள மூணு எல்ஈடி, ஒரு குட்டி ஐசி, ரெண்டு ரெசிஸ்டர். இன்ஜினோட பேச வேண்டிய கேன் லைன் பின்கள்லேர்ந்து ஒரு கோடு கூட எங்கயும் போகல. பச்சை லைட் மட்டும் அழகா மினுக்கும். பாக்ஸுங்கறது வேற, இது வேற. ரெண்டும் ஒண்ணுன்னு நினைச்சு ஜனங்க ஏமாறறாங்க.

வளைவு சாருக்கு: நீங்க சொல்ற அந்த இடத்துல ஆர்பிஎம் 1,200 பக்கம் இருக்கும். டர்போவைச் சுத்த எக்ஸாஸ்ட் காத்து வேணும், அது அங்க இல்ல. பாக்ஸ் போட்டா டீசல்தான் கூடும், காத்து கூடாது. பின்னாடி வர்றவன் முகத்துல கரி. நல்ல மேப்னா டர்போவுக்குள்ள எக்ஸாஸ்ட் காத்தைத் திருப்பற தகடுகளை (வேன்) கொஞ்சம் சீக்கிரம் மூட வச்சு 200 ஆர்பிஎம் முன்னாடி எழுப்பலாம். அதுக்கு மேல எதிர்பார்க்காதீங்க.

செலவு பண்றதுக்கு முன்னாடி ரெண்டு சோதனை. இன்ஜினை ஆஃப் பண்ணி, ஆறின பிறகு, டர்போவுலேர்ந்து போற ரப்பர் ஹோஸைக் கையால தடவி வாங்க. அடிப்பக்கம் எண்ணெய்ப் பிசுக்கா ஈரம் ஒட்டுனா அங்கதான் பூஸ்ட் கசியுது. ரெண்டாவது, காலி ரோட்ல அஞ்சாவது கியர்ல 1,800-ல மெதுவாப் போயிட்டு ஒரே மிதி. ஆர்பிஎம் முள் துள்ளி, வேகம் கூடவே இல்லைன்னா கிளட்ச் வழுக்குது. அந்த கிளட்ச் மேல பாக்ஸும் வேண்டாம், மேப்பும் வேண்டாம்.

ஆர்சி_புக்:
ஒரே வரி: 2019 திருத்தத்துக்கு அப்புறம் மோட்டார் வாகனச் சட்டம் 182ஏ-படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொண்ணுக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாசம் வரை சிறை, இல்ல ரெண்டும். இன்சூரன்ஸ்காரன்கிட்ட சொல்லாம எதைப் போட்டாலும் க்ளெய்ம் அன்னிக்குத் தலைவலி.

வளைவு40 (11 நாள் கழிச்சு):
ஸ்பானர் அண்ணே, கும்பிடறேன். ஹோஸ்ல க்ளாம்புக்குப் பக்கத்துல விரல் நகம் அளவு கீறல். நின்ன வண்டியில தெரியல, உள்ள காத்து அடைச்சுப் பாத்தப்பதான் வாய் திறந்துச்சு. மாத்தியாச்சு. நேத்து ஏறினேன். வளைவுல இன்னும் கொஞ்சம் திணறுது, ஆனா பழைய சாவு இல்ல. கிளட்ச் பாஸ்.

அந்த ரீமேப்காரர்கிட்ட "முதல்ல லாக் எடுப்பீங்களா"ன்னு கேட்டேன். "அதெல்லாம் எதுக்கு சார், அரை மணி நேரத்துல போட்டுத் தரேன்"ங்கறார். 28,000 இன்னும் என் பையிலதான் இருக்கு.

மேப்பு_மாமா:
அவர் மேப்பர் இல்ல, கூரியர்.

டீசல்தாசன்:
ஃபுல் டு ஃபுல் பாத்துட்டேன் மாமா. 18.4. மீட்டர் பொய்தான் சொல்லுது. ஆனா பெட்டியைக் கழட்ட மாட்டேன்.