லாகவூலின் பிடித்தது, லஃப்ரோய்க் டிங்ச்சர் வாடை அடிக்கிறது. ஏன்?

சாம்பல்மேடு எழுதியது:

இரண்டு வருடமாக ஸ்காட்லாந்தின் ஸ்பேசைடு பகுதி விஸ்கிகள்தான் குடித்து வருகிறேன். கிளென்ஃபிடிக் 12 (எண் பீப்பாயில் இருந்த வருடம்), பால்வெனி டபுள்வுட், எப்போதாவது கிளென்ஃபார்க்லஸ் 15. போன மாதம் நண்பன் வீட்டில் லாகவூலின் 16 ஊற்றிக் கொடுத்தான். முதல் வாய்க்குப் புகை, அப்புறம் பேரீச்சம்பழம் மாதிரி ஒரு இனிப்பு, விழுங்கி ஐந்து நிமிடம் கழித்தும் தொண்டையில் இதமாக அது நின்றது. இத்தனை நாள் இதைக் குடிக்காமல் விட்டோமே என்றிருந்தது. அதே ஐலா தீவு, அதே கடற்கரை என்று படித்துவிட்டு லஃப்ரோய்க் 10 வாங்கினேன். மூடியைத் திறந்ததும் சின்ன வயதில் முழங்கால் காயத்துக்குப் போட்ட டிங்ச்சர் வாடை! இரண்டும் புகை விஸ்கிதான், பக்கத்துப் பக்கத்து வடிசாலைதான், பிறகு ஏன் இவ்வளவு வித்தியாசம்? புகையின் அளவுதான் காரணம் என்றால் அளவு குறைந்த ஒன்றைச் சொல்லுங்கள்.

பீப்பாய்ப்பித்தன் எழுதியது:

அளவு காரணமில்லை நண்பரே. எல்லோரும் பிபிஎம் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு) எண்ணைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறார்கள். அது முளைகட்டிய பார்லியில் புகைவாசம் தரும் ஃபீனால் எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதற்கான கணக்கு, பாட்டிலுக்குள் இருப்பதற்கான கணக்கு அல்ல. ஊறவைப்பதிலும் வடிப்பதிலும் பெரும்பகுதி போய்விடும். ஆர்ட்பெக்கின் பார்லி 55 பிபிஎம் பக்கம், லஃப்ரோய்க்கை விட அதிகம். ஆனால் ஆர்ட்பெக் 10-ஐ முகர்ந்தால் முதலில் எலுமிச்சைதான் வரும். அங்கே இரண்டாவது வடிப்புப் பானையில் ஒரு சுத்திகரிப்பான் வைத்திருக்கிறார்கள், கனமான ஆவியை அது திரும்பப் பானைக்கே அனுப்பிவிடும்.

இன்னும் நல்ல உதாரணம் கல் ஈலா, அதுவும் ஐலா வடிசாலைதான். கல் ஈலாவுக்கும் லாகவூலினுக்கும் பார்லி ஒரே இடத்தில்தான் புகை போட்டுத் தயாராகிறது, போர்ட் எலன் மால்ட்டிங்ஸ் என்ற முளைகட்டும் ஆலையில். புகை அளவும் ஏறத்தாழ ஒன்று, 35 பக்கம். ஆனால் லாகவூலினுடைய பானைகள் பேரிக்காய் மாதிரி அடிபெருத்தவை, மெதுவாக வடிக்கிறார்கள், அதனால் கனமான எண்ணெய்ப்பசை சாராயத்தோடு வருகிறது. கல் ஈலாவின் பானைகள் உயரமானவை, லேசானதுதான் மேலே ஏறி வரும். ஒரே மாவில் தோசையும் ஊற்றலாம், பணியாரமும் சுடலாம், அதுபோலத்தான்.

லஃப்ரோய்க்கில், வடிந்து வருவதின் முதல் பகுதியை நெடுநேரம் ஒதுக்கிவிட்டுத்தான் பிடிக்கத் தொடங்குவார்கள். பழவாசம் முன்னால் வந்து போய்விடும், ஃபீனால் பின்னால்தான் வரும். நீங்கள் சொல்லும் டிங்ச்சர் அங்கிருந்து வருவது, அவர்கள் வேண்டுமென்றே சேர்த்துக்கொள்வது. அதன் மேல் பத்து வருடம், அதுவும் முன்பு அமெரிக்க பர்பன் விஸ்கி இருந்த பீப்பாய். லாகவூலினுக்குப் பதினாறு வருடம் கிடைக்கிறது. ஆண்டு கூடக்கூடப் புகையின் முனை மழுங்கும். வித்தியாசம் பாதி அங்கேயே வந்துவிடுகிறது.

வடகடல் எழுதியது:

கிளாஸ்கோவில் இருக்கிறேன், இரண்டு முறை ஐலா போயிருக்கிறேன். கென்னக்ரெய்க் துறைமுகத்தில் கப்பல் ஏறினால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். போர்ட் எலனில் இறங்கி கடலோரப் பாதையில் நடந்தால் முதலில் லஃப்ரோய்க், அடுத்து லாகவூலின், கடைசியில் ஆர்ட்பெக், மொத்தமே ஏறத்தாழ 5 கிலோமீட்டர்தான். லஃப்ரோய்க்கில் இன்றைக்கும் கொஞ்சம் பார்லியைத் தாங்களே தரையில் பரப்பி முளைகட்டுகிறார்கள். அந்தச் சூளையில் பீட் எரிவதை நான் நேரில் பார்த்தேன். சதுப்பு நிலத்தில் வெட்டிக் காயவைத்த மண்கட்டி அது, தீ நாக்கு எழவே கூடாது, புகைய மட்டும்தான் வேண்டும். பார்லி ஈரமாக இருக்கும்போதுதான் புகையைக் குடிக்கும், காய்ந்துவிட்டால் ஏறாது. ஐலா பீட்டில் மரம் குறைவு, பாசியும் புதரும் கடல் காற்றும்தான். அன்று போட்டிருந்த சட்டையில் மூன்று நாள் அந்த வாசம் இருந்தது. அதற்கப்புறம் லஃப்ரோய்க் எனக்கு மருந்தாகத் தெரியவே இல்லை.

பாட்டிலை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். திறந்து ஒரு கால் பங்கு குறைந்த பிறகு ஆறேழு வாரம் சும்மா வைத்துவிட்டுக் குடியுங்கள். நாலு சொட்டுத் தண்ணீரும் விட்டுப் பாருங்கள், புகைக்கு அடியில் இருக்கும் வெனிலா மேலே வரும்.

பீப்பாய்ப்பித்தன் எழுதியது:

தண்ணீர் விஷயத்தில் மட்டும் நான் ஒத்துக்கொள்ளவில்லை. 2017-இல் ஸ்வீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் இருவர் குவாயகால் என்ற புகைவாசப் பொருளைக் கணினியில் கணக்கிட்டுப் பார்த்தார்கள். சாராயம் 45 விழுக்காடு வரை இருந்தால் அது மேற்பரப்பில் தங்குகிறது, வாசம் மூக்குக்கு எட்டும், 59-க்கு மேல் போனால் உள்ளே இறங்கிவிடுகிறது. ஆகத் தண்ணீரால் அதிகப் பலன் கிளென்ஃபார்க்லஸ் 105, அபர்லூர் அபுனா போன்ற 60 பக்கம் இருப்பவற்றுக்குத்தான். லஃப்ரோய்க் 10 ஐரோப்பாவில் 40-தான் வருகிறது, அமெரிக்காவில் 43. நாற்பதில் தண்ணீர் விட்டால் விஸ்கியின் அடர்த்தி போய்விடும், ரசத்தில் தண்ணீர் ஊற்றிய மாதிரி.

உப்புக்கண்டம் எழுதியது:

ஐலாவிலேயே நிற்காதீர்கள். ஸ்கை தீவின் டாலிஸ்கர் 10 வாங்குங்கள், 45.8 விழுக்காடு. புகை இருக்கும், அதோடு கடைசியில் மிளகு தட்டும். கேம்பல்டவுன் ஊரின் ஸ்பிரிங்பேங்க் 10 கண்ணில் பட்டால் விலை பார்க்காமல் எடுங்கள். தங்களுக்கு வேண்டிய பார்லி முழுவதையும் அவர்களே முளைகட்டுகிறார்கள், வடிப்பது இரண்டரை முறை, அதாவது ஒரு பகுதி இரண்டு முறை, மீதி மூன்று முறை. நல்லெண்ணெய் மாதிரி நாக்கில் படியும். ஒரு வேண்டுகோள், குடித்து முடித்த கிளாஸைக் கழுவாமல் இரவு முழுக்க மேசையில் விட்டுக் காலையில் முகர்ந்து பாருங்கள். புகை விஸ்கியின் குணம் எனக்கு அங்கேதான் பிடிபட்டது.

சாம்பல்மேடு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. சனிக்கிழமை இரண்டு கிளாஸில் ஊற்றி, ஒன்றில் மட்டும் நாலு சொட்டு விட்டுப் பார்த்தேன். இதில் பீப்பாய்ப்பித்தன் பக்கம்தான் நான், தண்ணீர் விட்டது நீர்த்துப்போனது. விடாத கிளாஸை அரை மணி நேரம் அப்படியே வைத்திருந்தேன், டிங்ச்சர் அடங்கிக் கடற்கரையில் கிடக்கும் பாசி வாசம் வந்தது, அடியில் லேசாகச் சுட்ட சர்க்கரை. ஞாயிறு காலை காலி கிளாஸை முகர்ந்தபோது பாட்டி வீட்டு விறகடுப்பு, தணல் அணைந்த பிறகு வருமே, அதே வாசம். லாகவூலின் அளவுக்கு இன்னும் வரவில்லை, ஆனால் பாட்டில் என்னிடம்தான் இருக்கும். அடுத்தது கல் ஈலா. அதில் 12 வருடத்ததைத்தானே சொல்கிறீர்கள்?